உள்ளேயிருந்து இரண்டு தட்டு

வியாழக்கிழமை காலை எங்கள் சாலை வேலைக் கேம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் வந்து பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணியும் சகலையும் வருவதாக இருந்தது.

அண்ணி என் மனைவியின் அக்கா. சகலை அவருடைய கணவர், வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன். அவர்கள் வீட்டிலிருந்து கேம்ப்புக்குக் காரில் நான்கு மணி நேரம். என் மகளைப் பார்க்க வருவதாக அண்ணி போனில் சொன்னார். எதற்குப் பார்க்க வருகிறார் என்பதையும் மறைக்கவில்லை.

"அவளுக்கு அங்க சரியா இருக்குன்னு என் கண்ணுல பட்டா விட்டுட்டு வரேன் தம்பி. இல்லன்னா கையோட கூட்டிட்டு வந்துடுவேன். பெரியம்மான்னு எதுக்கு இருக்கேன்? நீங்க வருத்தப்படக் கூடாது."

சரி என்றேன். ஏழு மாதமாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு ஐந்து வயது. சுண்டு என்று கூப்பிடுவோம். அவளுக்கு வீசிங் உண்டு. அந்த வாரம் கொஞ்சம் அதிகம். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்தைப் புகையாக ஏற்றும் மெஷினைப் போட வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். வியாழனிலிருந்து சனி வரை அவளைச் சைட் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே தனி ஜெனரேட்டர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு. காலை வேளை தவறிப் போனது.

நாங்கள் வசிப்பது ஒரு கேரவனில். நான் சாலை போடும் கம்பெனியில் சர்வேயர். சாலை நகர நகர கேம்ப்பும் நகரும், கேம்ப்போடு எங்கள் வீடும் நகரும். மனைவி அதே கம்பெனியில் அளக்கும் கருவிகளைப் பழுது பார்த்தாள். கல்யாணமான வருடம் இந்த வண்டியைப் பழையதாக வாங்கினோம். ஒயரிங் முழுவதையும் அவளே பிரித்துப் போட்டு மறுபடி செய்தாள். நான் ஓட்டுவேன், அவள் கரண்ட் கொடுப்பாள். அப்படித்தான் வேலை பிரிந்திருந்தது.

ஏழு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, ஒரு கருவியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் படுத்துக்கோ என்றேன். படுத்தாள். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது என்றார்கள்.

கேம்ப்பின் கரண்ட் போஸ்ட்டிலிருந்து இணைப்பு எடுக்க எனக்குத் தெரியும். பிளக்கைச் செருகினால் போதும். ஜெனரேட்டரை மட்டும் அவளுக்குப் பிறகு தொடவில்லை. அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே ஜெனரேட்டரிடம், ஒருவர் உள்ளே சுவிட்ச் பெட்டியிடம். ஜெனரேட்டர் சத்தத்தில் குரல் கேட்காது. அதனால் வெளியே இருப்பவர் ஜெனரேட்டரை ஓடவிட்டு, நடந்து வந்து வண்டியின் சுவரில் ஒரு தட்டு தட்டுவார். கேபிளிலிருந்து கையை எடுத்துவிட்டேன் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு இரண்டு தட்டு. மெயினைப் போடப் போகிறேன் என்று அர்த்தம். ஒரே ஆள் நடந்து நடந்தும் செய்யலாம். அவள் சம்மதிக்க மாட்டாள். கேபிளைத் தொட்ட கை சுவிட்சைத் தொடக் கூடாது என்பாள். நான் எப்போதும் உள்ளே நிற்பவன்.

அன்று காலை ஜெனரேட்டரின் மேலிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மறுபடி மூடினேன்.

பன்னிரண்டரைக்கு அவர்கள் வந்தார்கள். தூறல் ஆரம்பித்திருந்தது. அண்ணி காரிலிருந்து இறங்கியதும் சுண்டுவின் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள பூனை கத்துது. காலையில மெஷின் வெச்சீங்களா தம்பி?"

"கரண்ட் இல்ல அண்ணி."

"கரண்ட் இல்லன்னா அப்படியே விட்டுடுவீங்களா? அது என்ன, மூடி வெச்சிருக்கு?"

"ஜெனரேட்டர்."

"ஓடாதா?"

"ஓடும்."

அண்ணி என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். சகலை நடுவில் புகுந்தார்.

"விடும்மா, நான் எதுக்கு இருக்கேன்? முப்பது வருஷமா ஊரு பூரா வெளிச்சம் குடுத்தவன், கொழுந்தியா பொண்ணுக்குக் குடுக்க மாட்டேனா?"

"நம்ம வீட்டு வாசல் லைட் ரெண்டு மாசமா எரியல. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"அது கஸ்டமர் வீடு இல்லடி."

சுண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நானும் சகலையும் ஜெனரேட்டரின் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். வண்டிக்கு வாசல் பக்கமாக விரியும் ஒரு துணிக்கூரை உண்டு. அவர் அதன் அடியில், கதவிலிருந்து இரண்டடி தள்ளி இறக்கச் சொன்னார்.

"மழையில நனைஞ்சா மொத்த வண்டியும் ஷாக் அடிக்கும் சகல. இங்கயே இருக்கட்டும்."

மழையைப் பற்றி அவர் சொன்னது சரி. அதற்காகவே என் மனைவி தகரக் கூரை வைத்த ஒரு குட்டி இரும்பு மேசை செய்திருந்தாள். நான்கு பக்கமும் திறந்தது. அது வண்டிக்கு அடியில் கிடந்தது. அதன் கால் ஒன்று எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஜெனரேட்டர் வண்டியிலிருந்து இருபத்தைந்து தப்படி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்து, காற்று வண்டியிலிருந்து அதை நோக்கிப் போகும்படி நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவள் தப்படி எண்ணித்தான் வைப்பாள்.

அதைச் சொல்ல வேண்டும் என்றால் அவள் சொன்ன மாதிரிதான் எனக்குச் சொல்லத் தெரியும். நான் சொல்லவில்லை.

கேபிள் ஒரு உருளையில் சுற்றியிருந்தது. சகலை தேவையான இரண்டு மீட்டரை மட்டும் இழுத்துக்கொண்டு மீதியை உருளையிலேயே விட்டார். முழுவதும் பிரிக்காவிட்டால் சூடாகும். அதையும் சொல்லவில்லை.

கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் ஓடியது. வண்டிக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு காவல் பெட்டி இருக்கிறது. வரும் கரண்டில் குறை இருந்தால் சிவப்பு காட்டும், உள்ளே விடாது. சிவப்பு காட்டியது.

"உங்க பெட்டி போச்சு சகல. இதைத் தள்ளிட்டு நேரா குடுத்துடலாம்."

நான் உள்ளே போய் இழுப்பறையிலிருந்து ஒரு பிளக்கை எடுத்து வந்தேன். ஒயர் இல்லாத வெறும் பிளக். மஞ்சள் டேப் சுற்றியது. அவர் அதைத் திறந்து பார்த்தார்.

"நியூட்ரலையும் எர்த்தையும் ஒண்ணா முடிச்சுப் போட்டிருக்கு! என்கிட்ட இருக்கிறவங்க இதைச் செஞ்சா அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடுவேன். எந்த அறிவாளி பண்ணது?"

"உங்க கொழுந்தியா."

அவர் பிளக்கை மறுபடி மூடினார்.

"வீட்டுல இப்படிச் செய்யக் கூடாது" என்றேன். "இந்த ஜெனரேட்டர்ல ரெண்டும் சேர்ந்திருக்காது. சேரலன்னா எர்த்தே இல்லன்னு பெட்டி நினைச்சுக்கும். இதை ஜெனரேட்டர்ல இருக்கிற இன்னொரு சாக்கெட்ல குத்தணும். இதுக்கு மட்டும்தான். வேற எங்கயும் குத்தக் கூடாது."

ஜெனரேட்டரை நிறுத்தி, பிளக்கைக் குத்தி, மறுபடி ஓடவிட்டார். பெட்டி பச்சை காட்டியது. சகலை பச்சையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கெட்டிக்காரி" என்றார். மூக்கை உறிஞ்சினார். "நான் கார்ல உட்கார்றேன் சகல. இந்தச் சத்தம் காதைக் கிழிக்குது."

இருபத்தைந்து தப்படி என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். மழை பெய்கிறது, பத்து நிமிடம்தானே என்றெல்லாம் நான் சமாதானம் செய்துகொள்ளவில்லை. எதுவுமே நினைக்கவில்லை. உள்ளே போனேன்.

குழந்தைக்குக் காற்று வேண்டும் என்று அண்ணி வாசல் பக்க ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருந்தார். மெஷினைப் போட்டேன். சுண்டு மாஸ்க்கைத் தானே பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள்.

இங்கே அலாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளை வட்டம். ஜெனரேட்டர் புகையில் மணமும் நிறமும் இல்லாத ஒரு வாயு இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு. அது மூச்சில் ஏறினால் தூக்கம் வரும், பிறகு எழ மாட்டோம். வாயு வந்தால் அலாரம் நான்கு நான்காகக் கத்தும். பேட்டரி தீரப் போனால் நிமிடத்துக்கு ஒரு முறை கிச் என்று மட்டும் சொல்லும். ஐந்து வாரமாக அது கிச் கிச் என்று சொல்லிக்கொண்டிருந்தது. புது பேட்டரி இழுப்பறையிலேயே இருந்தது. அலாரத்தின் விளிம்பில் ஒரு துண்டு டேப்பில் 'அடுத்து மாற்ற வேண்டியது' என்று ஒரு தேதி, அவள் கையெழுத்தில். பேட்டரி மாற்றினால் அந்த டேப்பைக் கிழித்துவிட்டு நான் ஒன்று எழுதி ஒட்ட வேண்டும். தேதி வந்தது. போனது. மெஷின் போடும்போது அந்தக் கிச்சை எண்ணி நேரம் பார்க்கப் பழகியிருந்தேன். மருந்து தீரப் பதினொரு கிச்.

அண்ணி கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்து பேசினார். ஜெனரேட்டர் சத்தத்தில் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"எங்க தெருவுலயே ஸ்கூல். நடந்தே போயிடலாம். பெரியவன் ரூம் சும்மாத்தான் கிடக்கு. டாக்டர் மாடிப்படி இறங்கினா எதிர்ல."

ஒன்று. இரண்டு.

"நான் உங்களைக் குத்தம் சொல்லல தம்பி. நீங்க சாப்பிடறீங்களான்னே எனக்குத் தெரியல. இந்தத் தலையணை உறை எப்ப மாத்தினது?"

மூன்று.

"மாசம் ஒரு தடவை வந்து பாருங்க. யாரு வேண்டாங்கறா? என்ன சொல்றீங்க?"

நான்கு.

"சரி" என்றேன்.

அண்ணிக்கு அது போதவில்லை போலிருந்தது. சண்டைக்குத் தயாராக வந்தவர் போல ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து சுண்டுவின் துணிகளை ஒரு பையில் வைக்க ஆரம்பித்தார். பையைக் கார் டிக்கியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஐந்தாவது கிச் வரவில்லை. எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்தேன். காத்திருந்தேன். மெஷினில் மருந்து தீர்ந்து உலர்ந்த சத்தம் வந்தது. அணைத்தேன். சுண்டு தூங்கியிருந்தாள். கிச் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஐந்து வாரத்தில் முதல் முறையாக அது ஓய்ந்திருக்கிறது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எண்ண எதுவும் இல்லை.

அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னமோ தலை வலிக்குது தம்பி. கார்ல வந்தது ஒத்துக்கல போல."

கொஞ்ச நேரம் படுத்துக்கோங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சொல்லவில்லை. அலாரத்தைப் பார்த்தேன். அதன் சின்ன விளக்கு அணைந்து கிடந்தது. என் தலையும் வலித்துக்கொண்டிருந்தது. பாதி திறந்த ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணி, வெளிய போங்க."

"என்ன?"

"வெளிய போங்க! இப்பவே!"

ஏழு மாதத்தில் நான் கத்தியது அதுதான் முதல். அண்ணி எழுந்தார், தடுமாறினார், கதவைப் பிடித்தார். நான் சுண்டுவைத் தூக்கினேன். கழுத்து நிற்கவில்லை. தலை என் முழங்கையில் தொங்கியது. அண்ணியைத் தோளால் தள்ளிக்கொண்டே படியிறங்கி மழையில் ஓடினேன். திறந்த வெளி வரை ஓடினேன். "சகல, அதை நிறுத்துங்க!" அவர் காரிலிருந்து குதித்து ஓடி வந்து அணைத்தார்.

சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது.

சுண்டுவின் முகத்தில் மழை விழுந்தது. கன்னத்தைத் தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், சுண்டு என்றில்லாமல் அவள் அம்மா வைத்த முழுப் பேரை. பக்கத்து வண்டியில் ரோலர் டிரைவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அந்த அம்மா ஒரு குடையை எடுத்துக்கொண்டு ஓடி வந்து எங்கள் மேல் பிடித்தார். நான் வேண்டாம் என்று குடையைத் தள்ளினேன். மழை அவள் முகத்தில் படட்டும் என்று தோன்றியது.

கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, நனையுது" என்றாள். பிறகு என் சட்டையில் வாந்தி எடுத்தாள்.

ஆஸ்பத்திரி எட்டு கிலோமீட்டர். சுண்டுவுக்கும் அண்ணிக்கும் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், எனக்கும். டாக்டர் இளம் பெண். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தீர்கள் என்று கேட்டார். அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். இன்னும் அரை மணி என்று ஆரம்பித்து, சுண்டுவைப் பார்த்து, முடிக்காமல் விட்டார். ஐந்து மணிக்கு மறுபடி ரத்தம் பார்த்து, பயமில்லை, போகலாம், ஆறு மணி மருந்தைத் தவறவிடாதீர்கள் என்று அனுப்பினார்.

திரும்பும் வழியில் அண்ணி சகலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கே வெளிச்சம் குடுத்தவராம். இன்னிக்கு என் தங்கச்சி பொண்ணை ஒரேயடியா அணைக்கப் பார்த்தீங்களே."

சகலை சாலையைப் பார்த்தே ஓட்டினார்.

"வீட்டுல ஜெனரேட்டர் மாடியில நிக்கும்" என்றார் மெதுவாக. "நான் ஒயரைத்தான் பார்த்தேன். புகையைப் பார்க்கல."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அதுதான் என் பழக்கம்.

"அண்ணி, தப்பு அவர் மேல இல்ல."

"பின்ன?"

"அங்க வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அலாரத்துல பேட்டரி தீர்றதும் தெரியும். அஞ்சு வாரமாத் தெரியும்."

அண்ணி திரும்பி உட்கார்ந்தார். சுண்டு என் மடியில் விழித்துக்கொண்டு கிடந்தாள்.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவ சொல்ற மாதிரியே சொல்லணும். எனக்கு அது முடியல."

கேம்ப் திருப்பத்தில்தான் அண்ணி பேசினார்.

"அதுக்குப் பதிலா பிள்ளையைக் குடுத்துடலாம்னு பார்த்தீங்களா? நான் கேட்டப்ப சரின்னீங்களே. ஒரு வார்த்தை மாட்டேன்னு சொல்ல வரலையே தம்பி உங்களுக்கு."

வண்டியின் கதவும் ஜன்னல்களும் திறந்தபடியே கிடந்தன. மழை விட்டிருந்தது. மணி ஐந்தரை.

"மெஷினை எடுங்க" என்றார் அண்ணி. "பை கார்லயே இருக்கு. வழியில கரண்ட் இருக்கிற இடமாப் பார்த்து மருந்து வெச்சுக்கலாம்."

"ஆறு மணிக்கு வெக்கணும்" என்றேன். "இங்கயே வெக்கலாம். இருங்க."

முதலில் அலாரம். சுவரிலிருந்து கழற்றினேன். பழைய பேட்டரிகளை எடுத்துப் புதியவற்றைப் போட்டேன். பொத்தானை அழுத்தினேன். நான்கு முறை கத்தியது. சுண்டு காதைப் பொத்திக்கொண்டாள். டேப்பை உரித்தேன். கிழியாமல் முழுதாக வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்னொரு துண்டில் புதுத் தேதி எழுதினேன். என் எழுத்து கோணல்.

"சகல, வாங்க. வண்டிக்கு அடியில ஒரு மேசை இருக்கு, இழுங்க."

அவர் மறுபேச்சில்லாமல் இழுத்தார். தகரக் கூரையைத் தட்டிப் பார்த்தார். "இது இருந்துதா?" என்றார். "இருந்துச்சு" என்றேன்.

கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்தேன். காற்று வண்டியின் பின்பக்கமிருந்து முன்பக்கமாகப் போனது. முன்பக்கமே இருபத்தைந்து தப்படி எண்ணி நடந்தேன். அவள் தப்படி சின்னது, என்னுடையது பெரியது. ஆனாலும் இருபத்தைந்து. மேட்டில், தண்ணீர் நிற்காத இடத்தில் மேசையை வைத்தோம். ஜெனரேட்டரைத் தூக்கி வைத்து, புகைக்குழாயை வெளிப்பக்கம் திருப்பினோம். ரோலர் டிரைவரின் வண்டிப் பக்கமும் பார்க்காதபடி இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

சகலை பெட்ரோல் கேனை எடுத்தார்.

"தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஊத்தாதீங்க."

தொட்டுப் பார்த்தார். "ஆறிடுச்சு." ஊற்றினார். மூடியை இறுக்கிவிட்டு, கேனைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினார்.

கேபிளை உருளையிலிருந்து கடைசி வரை பிரித்தேன். வண்டிக்குள் போய் மெயினையும் மற்ற எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்தேன். கேபிளின் ஒரு முனையை வண்டியில் செருகினேன், மறுமுனையை ஜெனரேட்டரில். இணைப்புகள் ஈரத்தரையில் படாமல் கல் வைத்தேன். மஞ்சள் டேப் பிளக்கைச் சகலையிடம் கொடுத்தேன். அவர் அதைத் துடைத்துவிட்டுக் குத்தினார்.

"அண்ணி, இப்ப நீங்க உள்ள நிக்கணும்."

"நானா? மறுபடியும் அதுக்குள்ளயா?"

"சுண்டு சகலைகிட்ட கார்ல இருக்கட்டும். நான் வெளிய ஒரு தட்டு தட்டுவேன். நீங்க இந்தப் பெட்டியில பச்சை எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா ரெண்டு தட்டு தட்டிட்டு இந்தப் பெரிய சுவிட்சைப் போடுங்க. சிவப்புன்னா எதையும் தொடாதீங்க, வெளிய வந்துடுங்க."

"தட்டலன்னா?"

"தட்டலன்னா நான் கேபிளைத் தொட மாட்டேன். உள்ள வந்து பார்ப்பேன்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே ஏறினார்.

கயிற்றை இழுத்தேன். ஓடியது. ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும், சத்தம் ஒரே சீராகும் வரை. நின்றேன். இந்த ஐந்து நிமிடத்தில் அவள் என்ன செய்வாள் என்று நான் பார்த்ததே இல்லை. நான் உள்ளே நிற்பவன்.

சத்தம் சீரானது. கேபிளை விட்டு விலகி இருபத்தைந்து தப்படி நடந்தேன். வண்டிச் சுவரில் ஓரிடத்தில் பெயின்ட் தேய்ந்திருந்தது, என் தோளை விடக் கொஞ்சம் கீழே. அங்கே ஒரு தட்டு தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை.

அண்ணி பச்சையைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கையைச் சுவரிலேயே வைத்திருந்தேன்.

இரண்டு தட்டு.

தகரத்தின் வழியாக என் உள்ளங்கையில் வந்து பட்டது. எட்டு வருடம் நான் உள்ளேயிருந்து தட்டியது வெளியே இப்படித்தான் வந்திருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஒரு ஆள் உள்ளே இருக்கிறான், விழித்திருக்கிறான், பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கையைச் சுவரிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

உள்ளே ஒரு விளக்கு. பிறகு மெஷின். ஜன்னல்கள் திறந்திருந்தும் ஜெனரேட்டர் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. ஆறு மணிக்கு சுண்டு மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண்ணுவதற்குக் கிச் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். முடிந்ததும் அண்ணி அவள் முதுகில் காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"பூனை போயிடுச்சா பெரியம்மா?"

"போயிடுச்சு. குட்டி ஒண்ணு மட்டும் இருக்கு."

பிறகு என்னிடம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில உள்ள யாரு நிப்பா?"

"தனியாவும் செய்யலாம். நடந்து நடந்து..."

"அவ தனியா செஞ்சாளா?"

"இல்ல."

"அப்ப?" ஜன்னல் வழியாகப் பக்கத்து வண்டியைக் காட்டினார். "குடை கொண்டு வந்துச்சே, அந்தப் பொண்ணு யாரு?"

"ரோலர் டிரைவர் வீட்டம்மா."

"பேசுவீங்களா?"

முதல் மாதத்தில் அந்த அம்மா இரண்டு முறை வந்து எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார். இரண்டு முறையும் சத்தம் போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்தேன், போகும் வரை.

"இல்ல" என்றேன்.

"பிள்ளை இங்க இருக்கணுமா, வேண்டாமா? எனக்குச் சரின்னு சொல்லாதீங்க. எது வேணும்னு சொல்லுங்க."

சுண்டு மாஸ்க்கின் ரப்பரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசுவது அவளுக்குப் புரிந்தது.

"இங்க இருக்கணும்" என்றேன். "என்கூட."

"அப்ப போய்க் கேளுங்க. நான் இந்த வாசல்லயே நிக்கிறேன். கேட்டுட்டீங்கன்னா பை இறங்கும். ஒரு மாசம் கழிச்சு மறுபடி வருவேன், அதுவும் சொல்லிட்டேன்."

படியிறங்கினேன். ரோலர் டிரைவரின் வண்டி முப்பது தப்படி இருக்கும். தரையெல்லாம் சேறு. கதவருகில் அந்தக் குடை விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தது. தட்டினேன். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம். கதவு திறந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"குழந்தைக்கு எப்படி இருக்குங்க?"

"நல்லா இருக்கா." நிறுத்தினேன். அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு தேவைப்பட்டது. "காலையில ஏழு மணிக்கு, ஒரு பத்து நிமிஷம், எங்க வண்டிக்குள்ள யாராவது நிக்கணும். கரண்ட் குடுக்கும்போது. நீங்க வர முடியுமா?"

"நின்னு என்ன செய்யணும்?"

"ரெண்டு தட்டு தட்டணும்."

"அவ்வளவுதானா?" என்றார். "இதைக் கேக்கவா இத்தனை மாசம்?"

பின்னால் கார் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது.